ஒரே முட்டை: ராணியா, பணிப்பெண்ணா?

கூட்டமாக வாழும் பூச்சிகளில் ஒருத்தி மட்டும் முட்டையிட, மற்றவர்கள் ஏன் உழைத்தே மடிகிறார்கள் என்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில்கள். தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களின் கேள்விகளை முன்னால் வைத்திருக்கிறோம். அவர்களுக்குத்தான் அவசரம்.

ராணி காணாமல் போய் ஒரு மாதம் இருக்கும். ஆனாலும் அடையில் முட்டை தெரிகிறது. ஒரே அறையில் மூன்று, நான்கு கூட. ராணி எங்காவது ஒளிந்திருக்கிறதா?
– இந்தியத் தேனீ வளர்ப்பவர், மார்த்தாண்டம்

ஒளிந்திருக்கவில்லை. உங்கள் பெட்டியில் பணித்தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன.

பணித்தேனீ மலடு என்று பள்ளியில் படித்தது பாதி உண்மைதான். அதற்கும் சூலகம் உண்டு. பெட்டியில் வளர்க்கும் மற்றொரு இனமான இத்தாலியத் தேனீயில், ராணியின் ஒவ்வொரு சூலகத்திலும் முட்டை உருவாகும் சூல்குழல்கள் 150-க்கு மேல் இருக்கும். பணித்தேனீக்கு விரல் விட்டு எண்ணும் அளவுதான். அந்தச் சில குழல்களையும் தூங்க வைத்திருப்பவை இரண்டு வாசனைகள். ஒன்று ராணியின் தாடைச் சுரப்பியிலிருந்து வருவது. மற்றது மூடாத அறைகளில் கிடக்கும் புழுக்களின் உடலிலிருந்து வருவது. ராணி போனதும் முதல் வாசனை விரைவில் மங்கிவிடும். புழுக்கள் இருக்கும்வரை இரண்டாவது தாங்கிப் பிடிக்கும். கடைசிப் புழுவின் அறையும் மெழுகால் மூடப்பட்ட பிறகு தடுக்க ஆளில்லை. இத்தாலியத் தேனீயில் இந்த நிலை வர மூன்று வாரம் பிடிக்கும். இந்தியத் தேனீயில் அதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். அதனால்தான் மாதம் ஒருமுறை பெட்டி திறப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

இந்தப் பணித்தேனீக்கள் ஆணோடு சேர்ந்ததில்லை. அவற்றின் முட்டைகள் கருவுறாதவை. கருவுறாத முட்டையிலிருந்து வருவது ஆண் தேனீ மட்டுமே. பெட்டி நிறைய முட்டை இருந்தும் வேலைக்கு ஒரு ஆள்கூடப் பிறக்காது.

சிகிச்சைக்கு முன் நோயைச் சரியாகப் பாருங்கள். பணித்தேனீயின் வயிறு குட்டை. அறையின் அடிவரை எட்டாது. ஆகவே முட்டைகள் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். பணித்தேனீ அறைகளிலேயே ஆண் புழு வளர்வதால் மூடிகள் குமிழ் போல் புடைத்துத் தெரியும். இதே போலத் தோன்றும் இன்னும் இரண்டு நிலைகள் உண்டு. புதிதாக முட்டையிடத் தொடங்கிய இளம் ராணி சில நாட்களுக்கு ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை வைப்பதுண்டு. அவை அடிப்பகுதியில் இருக்கும், வரிசையும் கலையாது. ஒரு வாரம் பொறுத்திருந்தால் தானாகச் சரியாகிவிடும். இரண்டாவது, விந்து தீர்ந்துபோன கிழட்டு ராணி, அல்லது கலவிப் பறப்புக்குப் போகவே முடியாத ராணி. அறைக்கு ஒரே முட்டை, அதுவும் அடியில், ஆனால் எல்லாமே ஆண். அங்கே ராணியைத் தேடிப் பிடித்து எடுத்துவிட்டுப் புது ராணி கொடுத்தால் போதும்.

உங்கள் பெட்டிக்கு வருவோம். தேனீக்கள் அடை கட்டிய இரண்டு மரச்சட்டத்தைக்கூட மூடாத அளவுக்குக் குறைந்திருந்தால் காப்பாற்ற முயல வேண்டாம். பலமான கூட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். மாலையில் பலமான பெட்டியின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, ஊசியால் பத்துப் பன்னிரண்டு துளை போட்டு, மேலே பலவீனமான கூட்டம் உள்ள பெட்டி அறையை வையுங்கள். தாளைக் கடித்துக் கிழிப்பதற்குள் இரண்டு பக்கத்து வாசனையும் கலந்துவிடும். பலமான கூட்டத்து ராணியை மூன்று நான்கு நாள் கம்பிவலைக் கூண்டில் வைத்திருப்பது நல்லது. முட்டையிடும் பணித்தேனீக்கள் பிற ராணியைக் கொல்லத் தயங்காது.

கூட்டம் இன்னும் கனமாக இருந்தால் வேறு வழி. நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை, மேலிருக்கும் தேனீக்களை ஒன்று விடாமல் உதறிவிட்டுக் கொடுங்கள். உதறாமல் கொடுத்தால் அந்தப் பெட்டி ராணியும் சேர்ந்து வந்துவிடலாம். ஒரு பெட்டிக்கு வைத்தியம் பார்க்கப் போய் இரண்டு பெட்டி கெடும். ஆண் புழு நிறைந்த பழைய அடையை வெட்டி எடுத்துவிடுங்கள். ஏழாம் நாள் இன்னொரு சட்டம், பதினான்காம் நாள் மூன்றாவது. புழு வாசனை தொடர்ந்து கிடைக்கும்போது சூலகங்கள் சுருங்கும். இரண்டாவது அல்லது மூன்றாவது சட்டத்தில் அவையே ராணி அறை கட்டத் தொடங்கும். அதுவே கூட்டம் திரும்பிவிட்டதற்கு அடையாளம். இத்தாலியத் தேனீயின் புழுச் சட்டத்தை இந்தியத் தேனீக்குக் கொடுக்காதீர்கள், இனமே வேறு.

முதல் சட்டத்தோடு நிறுத்திவிடுபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். முட்டையிலிருந்து ராணி வெளிவர 16 நாள். உடல் முதிர்ந்து, பறந்து, கலந்து, முட்டையிட இன்னும் பத்து நாளாவது வேண்டும். அந்த முட்டை பணித்தேனீயாக வெளிவர ஏறத்தாழ மூன்று வாரம். மொத்தம் ஏறத்தாழ ஏழு வாரம். இருக்கும் கிழட்டுத் தேனீக்கள் அவ்வளவு நாள் தாங்காது. மூன்று சட்டமும் ராணிக்காக மட்டும் அல்ல, இடைக்கால ஆள் பலத்துக்காகவும்தான். இந்த நாட்களில் மாலை நேரத்தில் சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் கலந்த பாகு கொடுங்கள், பெட்டியை அடிக்கடி திறக்காதீர்கள். தொந்தரவு கூடினால் இந்தியத் தேனீ பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும்.

"பெட்டியைத் தள்ளிக் கொண்டுபோய்த் தரையில் உதறு, முட்டையிடும் தேனீக்களால் பறந்து திரும்ப முடியாது" என்ற யோசனையையும் சிலர் சொல்வார்கள். அவற்றால் பறக்க முடியும், திரும்பியும் வரும். உதறுவதில் பெரிய பலன் இல்லை.

பணித்தேனீ முட்டையிலிருந்து பெண் தேனீ வரவே வராதா?
– அதே வாசகர்

உங்கள் பெட்டியில் எதிர்பார்க்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் தென்முனையில் உள்ள கேப் தேனீயில் வரும். அங்கே பணித்தேனீ கலவி இல்லாமலேயே மகள்களைப் பெறும், ராணியைக்கூடப் பெறும். முட்டை உருவாகும்போது பிரிந்த இரண்டு உட்கருக்கள் மீண்டும் சேர்ந்துகொள்வதால், பெண்ணுக்குத் தேவையான இரட்டைத் தொகுதி குரோமோசோம் கிடைத்துவிடுகிறது. பதினோராம் குரோமோசோமில் உள்ள ஒரே மரபணுவின் மாற்றமே இதற்குக் காரணம் என்று 2020-இல் காட்டினார்கள். 1990-இல் வளர்ப்பாளர்கள் கேப் தேனீப் பெட்டிகளை நாட்டின் வடபகுதிக்கு லாரியில் ஏற்றிச் சென்றார்கள். ஒரே பணித்தேனீயின் நகல்கள் அங்குள்ள வேறு துணையினத் தேனீக் கூட்டங்களுக்குள் புகுந்து, வேலை செய்யாமல் முட்டையிட்டே ஆயிரக்கணக்கான பெட்டிகளைத் தீர்த்துக்கட்டின.

ஒரே தாய்க்கூட்டத்தைப் பிரித்துப் பிரித்துப் பத்துப் பெட்டி ஆக்கினேன். இப்போது இளம் ராணி முட்டையிட்ட அடைகூடச் சல்லடை மாதிரி இருக்கிறது. நோயா?
– பழத்தோட்ட உரிமையாளர், கொடைக்கானல் கீழ்மலை

நோயாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் பெட்டி பெருக்கிய விதத்தைப் பார்த்தால் சந்தேகம் வேறு பக்கம் போகிறது.

தேனீயில் ஆணா பெண்ணா என்று முடிவு செய்ய எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் கிடையாது. சி.எஸ்.டி. என்ற ஒரே மரபணு முடிவு செய்கிறது. ஜெர்மனியில் மார்ட்டின் பையே என்பவரின் குழு 2003-இல் அதைப் பிரித்தெடுத்தது. அந்த மரபணுவில் பல வகைகள், அதாவது அல்லீல்கள், உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து வேறொன்று வந்தால் பெண். கருவுறாத முட்டையில் ஒன்றுதான் இருக்கும், அது ஆண். வில்லங்கம் எங்கே என்றால், கருவுற்ற முட்டையில் இரண்டும் ஒரே வகையாக அமைந்துவிட்டால் அதுவும் ஆணாகிவிடும். கூட்டத்துக்கு எந்தப் பயனும் இல்லாத ஆண். பொரிந்த சில மணி நேரத்தில் பணித்தேனீக்கள் அதைத் தின்றுவிடும் என்பதைப் போலந்து விஞ்ஞானி வோய்கே 1960-களில் காட்டினார். அடையில் நீங்கள் காணும் ஓட்டை அதுதான்.

கணக்கு எளிது. ராணியிடம் இரண்டு அல்லீல்கள். வட்டாரத்தில் மொத்தம் பத்து வகை சம அளவில் இருந்தால், அது சேரும் ஆண்களில் ஐந்தில் ஒருவர் அதன் இரண்டில் ஒன்றைச் சுமந்திருப்பார். அவர் மூலம் கருவுறும் முட்டைகளில் பாதி வீண். ஆக மொத்தத்தில் பத்தில் ஒன்று போகும். வகை ஐந்தாகக் குறைந்தால் ஐந்தில் ஒன்று. உங்கள் தோட்டத்தில் பத்து ராணிகளும் ஒரே மூதாட்டியின் பெண்கள். ஒவ்வொன்றிலும் மூதாட்டியின் இரண்டு அல்லீல்களில் ஒன்று உண்டு. ஆகவே அந்தப் பெட்டிகளிலிருந்து பறக்கும் ஆண்களில் பாதிப்பேர் அந்த இரண்டில் ஒன்றைச் சுமக்கிறார்கள். அடுத்த தலைமுறை ராணி அவர்களோடு சேர்ந்தால் அடை சல்லடையாகாமல் என்ன ஆகும்?

சோதித்துப் பார்க்க ஒரு கண்ணாடித் தாள் போதும். முட்டை நிறைந்த அடையின் மேல் அதைச் சட்டத்தில் பொருத்தி, பத்து அறை நீளம், பத்து அறை அகலத்துக்குக் கோடு போட்டு, முட்டை உள்ள அறைகளைப் பேனாவால் குறியுங்கள். ஐந்தாம் நாள் அதே தாளை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். குறித்த அறை காலியாகவோ, புது முட்டையோடோ இருந்தால் முதல் புழு போய்விட்டது என்று பொருள். புது முட்டையை 'நிறைந்தது' என்று எண்ணிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. நூற்றுக்குப் பத்து இழப்பு என்றால் விட்டுவிடலாம். இருபத்தைந்தைத் தாண்டினால் அந்த ராணியை வைத்திருப்பதில் லாபமில்லை.

நோயென்றால் தடயம் இருக்கும். தாய் (தாய்லாந்து) சாக்புரூட் வைரஸில் புழு நீர் நிறைந்த பை போல அறைக்குள்ளேயே செத்துக் கிடக்கும், தலை மேல்நோக்கி நிற்கும். 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனது அதுதான். சி.எஸ்.டி. கோளாறில் பிணமே இருக்காது, அறை துடைத்த மாதிரி சுத்தமாக இருக்கும்.

மருந்து என்று எதுவும் இல்லை. வேறு வட்டார ரத்தம்தான் வேண்டும். சில கிலோமீட்டர் தள்ளி, உங்களிடமிருந்து கூட்டம் வாங்காத ஒருவரிடம் நோயற்ற பெட்டியின் முட்டைச் சட்டம் வாங்கி, ராணி எடுத்த பெட்டியில் வைத்து வளருங்கள். மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் உள்ள கூட்டங்களைப் பிடித்துச் சேர்ப்பது இன்னும் நல்லது. ராணியை மட்டும் மாற்றி, பழைய பெட்டிகளின் ஆண்களையே வானில் பறக்கவிட்டால் பாதிப் பலன்தான். இரண்டு மூன்று பெட்டிகளுக்காவது புது வம்சம் வந்தால், ஆண்களும் கலந்துவிடுவார்கள்.

ராணியும் பணித்தேனீயும் ஒரே தாய் தந்தையின் பிள்ளைகள் என்றால், 'ராணி மரபணு' என்று ஒன்று உண்டா? ராயல் ஜெல்லியில் எந்தப் பொருள் ராணியை உண்டாக்குகிறது?
– விலங்கியல் மாணவி, மதுரை

தேனீயில் ராணி மரபணு என்று ஒன்று இல்லை. எந்தப் பெண் புழுவும் ராணியாகலாம். அதன் மரபணுக்களில் எவை திறக்கும், எவை மூடிக்கிடக்கும் என்பதைச் சாப்பாடு முடிவு செய்கிறது.

முட்டை மூன்று நாளில் பொரியும். புழுப்பருவத்தின் முதல் மூன்று நாட்களில் எல்லாப் புழுவுக்கும் செவிலித் தேனீக்கள் தாங்கள் சுரக்கும் ஜெல்லியைத்தான் கொடுக்கின்றன. ஆனால் ராணிப் புழு அதில் மிதக்கும், பணிப் புழுவுக்கு அளந்துதான் விழும். சர்க்கரையும் வேறுபடும். இளம் பணிப் புழுவின் உணவைவிட ராணி உணவில் அது மூன்று மடங்கு அதிகம். சர்க்கரை கூடினால் புழு நிறுத்தாமல் தின்னும், இளமை ஹார்மோன் உயரும், சூலகம் கரையாமல் நிற்கும். நான்காம் நாளிலிருந்து பணிப் புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த உணவு. அதன் பிறகு முழு ராணியாகத் திரும்ப வழியில்லை.

2008-இல் ஆஸ்திரேலியாவில் ரிஷார்ட் மாலெஸ்காவின் குழு, டி.என்.ஏ. மீது, மரபணுக்கள் திறப்பதையும் மூடுவதையும் பாதிக்கும் மெத்தில் குறிகளை வைக்கும் டி.என்.எம்.டி.3 என்ற நொதியின் மரபணுவைப் புழுக்களில் முடக்கியது. ராயல் ஜெல்லி விருந்து இல்லாமலேயே 72 சதவீதம் சூலகம் வளர்ந்த ராணிகளாக வெளிவந்தன. எழுத்து மாறவில்லை, அடிக்கோடுகள்தான் மாறின. 'எந்தப் பொருள்' என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு 2011-இல் ஒரு விடை பெரிதாகப் பேசப்பட்டது: ராயலாக்டின் என்ற ஒரே புரதம். 2016-இல் வேறொரு குழு அந்தப் புரதம் இல்லாத உணவிலும் ராணி வளர்வதைக் காட்டியது. அளவு, சர்க்கரை, நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் ராணி என்பதே எங்கள் கருத்து. ஒற்றை மாயப்பொருளைத் தேடுவது பத்திரிகைத் தலைப்புக்கு உதவும். ராயல் ஜெல்லி மாத்திரை விற்பவர்களுக்கும் உதவும்.

ராணி வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. பொரிந்து 12 முதல் 24 மணி நேரமான புழுவைத்தான் ராணிக் கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டரை நாள் புழுவை மாற்றினாலும் 'ராணி' வரும். ஆனால் சூல்குழல் குறைவு, விந்துப் பை சிறியது, ஒரு பருவத்திலேயே ஓய்ந்துவிடும். புழு மாற்றாமல், ராணியை எடுத்துவிட்டுக் கூட்டமே அறை கட்டட்டும் என்று விடுபவர்கள் நாளை எண்ணுங்கள். புழுவின் ஐந்தாம் நாளில் ராணி அறை மூடப்படும். ராணியை எடுத்த மூன்றாம் நாளுக்குள் மூடிய அறையில் இருப்பது, எடுத்தபோதே இரண்டு நாளைத் தாண்டிய புழு. அவற்றைக் கிள்ளி எறியுங்கள். விட்டால் அவைதான் முதலில் வெளிவந்து, மற்ற அறைகளில் உள்ள நல்ல ராணிகளைக் கொட்டிக் கொல்லும்.

சகோதரிகளுக்குள் முக்கால் பங்கு உறவு இருப்பதால்தான் பணித்தேனீ தியாகம் செய்கிறது என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். சரிதானா?
– போட்டித் தேர்வு எழுதுபவர், திருச்சி

தேர்வுக்குச் சரி. கூட்டுக்குள் பாதிதான் சரி.

1964-இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஹாமில்டன் சொன்ன கணக்கு இது: தந்தைக்கு ஒற்றைத் தொகுதி குரோமோசோம் என்பதால் அவருடைய எல்லா மகள்களுக்கும் அவர் பங்கு ஒரே மாதிரி. தாய் பங்கில் பாதி பொது. கூட்டினால் முக்கால். ஆனால் இது தந்தை ஒருவர் என்றால்தான். தேனீ ராணி பத்துக்கு மேற்பட்ட ஆண்களோடு சேரும். பத்துத் தந்தையர் சமமாகப் பங்கிட்டால் சராசரி உறவு 0.30-க்கு இறங்கிவிடும்.

தியாகத்தைவிடச் சுவையான விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. பத்துத் தந்தையர் உள்ள கூட்டில் பணித்தேனீக்குத் தன் மகனோடு உறவு 0.5, ராணியின் மகனோடு 0.25, சக பணித்தேனீயின் மகனோடு 0.15. தான் முட்டையிடுவது லாபம், அடுத்தவள் இடுவது நட்டம். விளைவு, ஒருத்தி இட்ட முட்டையை மற்றவள் தின்றுவிடுகிறாள். ஆய்வாளர்கள் ராட்னீக்ஸும் விஷரும் 1989-இல் இதைக் காட்டினார்கள். ராணி உள்ள கூட்டில் பணித்தேனீயின் மகன் வளர்ந்து வெளிவருவது ஆயிரத்தில் ஒன்றாக இருப்பது பாசத்தால் மட்டும் அல்ல, காவலாலும்தான்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற காகிதக் குளவியும் முக்கால் கணக்குக்கு அடங்காது. தென்னிந்தியாவில் வீட்டு ஜன்னலோரம் கூடு கட்டும் குளவி இது. அதன் ராணி சாது, யாரையும் அடிப்பதில்லை. ராணியை எடுத்துவிட்டால் சில நிமிடங்களில் ஒரே ஒரு பணிக்குளவி மூர்க்கமாகி மற்றவர்களை விரட்டத் தொடங்கும். ராணியைத் திருப்பி வைக்காவிட்டால் ஒரு வாரத்தில் அதுவே முட்டையிடும், மூர்க்கமும் அடங்கிவிடும். அடுத்தது யார் என்பது நமக்கு முன்கூட்டித் தெரியாது. கூட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

ராணி செத்த பிறகு தொழிலாளி எறும்பே முட்டையிடும் இனம் நம் ஊரில் உண்டா?
– ஆசிரியர், வால்பாறை

உண்டு. நீண்ட தாடையும் பெரிய கண்ணுமாக, தாவி இரை பிடிக்கும் ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர். தென்னிந்தியாவில் வாழ்வது, இயற்கையியலாளர் ஜெர்டன் 1851-இல் பெயர் வைத்தார். ராணி இறந்ததும் தொழிலாளிகள் உணர்கொம்பால் ஒருவரையொருவர் அடித்து வாரக்கணக்கில் போட்டியிடும். வென்ற சிலர் முட்டையிடும் பதவிக்கு வருவார்கள். தொழிலாளியாக ஏழு மாதம் வாழும் எறும்பு இந்தப் பதவியில் நான்கு ஆண்டு வரை வாழ்கிறது. சூலகம் பெருக்கிறது, மூளை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்குகிறது. அதைப் பிரித்துத் தனியே வைத்து மீண்டும் தொழிலாளியாக்கினால் மூளை பழைய அளவுக்கு வளர்ந்துவிடும் என்று 2021-இல் தெரியவந்தது.

நிறைய முட்டையிட இன்சுலின் வேண்டும். பொதுவாக இன்சுலின் கூடினால் பூச்சியின் ஆயுள் குறையும். இந்த எறும்பு இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறது என்பதற்கு 2022-இல் விடை வந்தது. வளர்ந்த சூலகமே இம்ப்-எல்2 என்ற புரதத்தைச் சுரந்து, இன்சுலின் காட்டும் இரண்டு பாதைகளில் முதுமைக்கு இட்டுச் செல்லும் ஒன்றை மட்டும் கொழுப்புத் திசுவில் அடைக்கிறது. முட்டைக்கான பாதை திறந்தே இருக்கிறது.

மரபணு மட்டுமே ராணியை முடிவு செய்யும் பூச்சி எங்கும் இல்லையா?
– வாசகி, யாழ்ப்பாணம்

இருக்கிறது. பிரேசிலின் மெலிபோனா என்ற கொடுக்கில்லாத் தேனீயில் எல்லாப் புழுவுக்கும் ஒரே அளவு அறை, ஒரே உணவு. பெண்களில் நான்கில் ஒரு பங்கு வரை ராணியாகப் பிறக்கும். இரண்டு மரபணு இடங்களிலும் கலப்பு அல்லீல் (தாய், தந்தையிடமிருந்து வெவ்வேறு வகை) உள்ளவை ராணியாகும் என்று பிரேசில் மரபியலாளர் கெர் 1950-இல் விளக்கினார். தேவைக்கு மேல் பிறக்கும் ராணிகளைப் பணித்தேனீக்கள் கொன்றுவிடும். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்துப் போகோனோமிர்மெக்ஸ் எறும்புகள் சிலவற்றில் இரண்டு வம்சங்கள் கலந்தே வாழ்கின்றன. ராணி தன் வம்சத்து ஆணோடு சேர்ந்தால் பிறப்பது ராணி, மற்ற வம்சத்து ஆணோடு சேர்ந்தால் தொழிலாளி. இரண்டு வகை ஆணும் கிடைக்காத ராணியின் கூடு நிலைக்காது.

நம் வீட்டுச் சுவர்ப் பொந்தில் இருக்கும் கொசுத்தேனீ இந்த ரகம் அல்ல. அங்கே பெரிய அறையும் கூடுதல் உணவும்தான் ராணியை ஆக்குகின்றன.

கறையான் புற்றை இடித்து ராணியை எடுத்துவிட்டால் தொல்லை தீருமா?
– விவசாயி, புதுக்கோட்டை

உறுதியாகச் சொல்ல முடியாது. கறையான் தேனீயின் உறவே அல்ல, கரப்பான் வகை. ஆண் பெண் இரண்டுக்கும் இரட்டைத் தொகுதி குரோமோசோம். தொழிலாளிகளில் ஆணும் உண்டு. ராணிக்குப் பக்கத்தில் ராஜாவும் வாழ்நாள் முழுக்க இருப்பார். பல இனங்களில் ராணி போனால் புற்றுக்குள்ளேயே மாற்று ராணி வளரும், அல்லது முன்பே ஒன்றுக்கு மேற்பட்ட ராணிகள் இருக்கும். ஆஸ்திரேலியாவின் கிரிப்டோடெர்மஸ் என்ற மரக்கறையானில் ராணியின் நியோஃபெம்2 என்ற ஒரே மரபணுவை முடக்கியதுமே, ராணி கண்ணெதிரில் இருந்தும் தொழிலாளிகள் அது செத்துவிட்டது போல ஒன்றையொன்று முட்டி மோதத் தொடங்கின. 2009-இல் வந்த ஆய்வு. நீங்கள் புற்றை இடிப்பதானால் ராணியும் ராஜாவும் இருக்கும் அரசறையோடு, கறையான் உணவுக்காக வளர்க்கும் பூஞ்சைத் தோட்டங்கள் முழுவதையும் தோண்டி எடுங்கள், அதுவும் முதல் மழைக்கு ஈசல் கிளம்புவதற்கு முன்னால்.